பெரட்டில் நாக்குப் பார்ப்பதில்லை

ஜூன் 6, சனி

விடாத மழை. நமுனுகுல மலையே தெரியல. வாங்க வேண்டியது: காய்ச்சலுக்குக் கொயினா, பஞ்சு, விளக்கெண்ணெய், வீட்டுக்காரி செல்லத்துக்குச் சீப்பு.

காலையில் பெரட்டில், ஆளுங்களுக்கு வேலை பிரிக்கிற இடத்துல, அதே கூத்து. காய்ச்சல்னு சொல்ற ஆளுங்க வரிசையா நாக்கை நீட்ட, தோட்டத்துத் துரை குதிரைமேல இருந்தபடியே பார்க்கிறார். கொழுந்து பறிக்கிற ராக்காயிக்கு நெருப்பாக் காய்ச்சல். "ஒண்ணுமில்ல, மலைக்குப் போ"ங்கிறார். மருந்து கொடுக்கத் தோட்டத்து டிஸ்பென்சர்னு நான் ஒருத்தன் பக்கத்துல, மரம் மாதிரி. வெக்கக்கேடு.

ஜூன் 7, ஞாயிறு

பதுளையில் சங்கக் கூட்டம், செட்டியார் கடை மாடி. இலங்கை முழுக்க உள்ள தோட்ட டிஸ்பென்சர்களுக்கு இனி ஒரே சங்கம். கொழும்புச் செயலாளர் பேச்சு ரொம்ப நீளம். வடை பரவாயில்ல.

தீர்மானம் ரெண்டு. நோயாளியை டிஸ்பென்சரியில்தான் பார்க்கிறது, பெரட்டில் இல்ல. இதுக்காக ஒருத்தனை வேலையை விட்டு நீக்கினா, அந்த இடத்துக்கு மெம்பர் எவனும் போறதில்ல. எல்லாரும் கை தூக்கினோம்.

ஜூன் 8, திங்கள்

சொல்லிட்டேன். பெரட்டிலேயே, துரை முன்னாடி. "காய்ச்சக்காரங்கல்லாம் டிஸ்பென்சரிக்கு வாங்க. இங்க பார்க்கிறதில்ல." ராக்காயி முதல்ல வந்தா, பின்னாடியே நாலஞ்சு பேர். துரை முகம் செவசெவன்னு ஆச்சு.

மத்தியானம் வேலைநீக்க நோட்டீஸ். மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணணும்.

செல்லம்: "மூட்டை கட்டவாங்க?"

"கட்டாத."

கட்டாதன்னு சொல்லிட்டேன். பயம்தான். ஆனா திரும்பிப் போய் மரமா நிக்க மாட்டேன்.

ஜூன் 20, சனி

வெயில். புது டிஸ்பென்சர் வந்துட்டான்! தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி, தகரப் பெட்டி. சின்ன வயசு. பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஏன் தம்பி, நீங்க சங்கத்துல இல்லையா?"

"இருக்கேங்க. பதுளையில நானும் கை தூக்கினேன். நீங்களா ஊருக்குப் போறதாத்தான் சொன்னாங்க."

நடந்ததைச் சொன்னேன். திண்ணையில உக்காந்துட்டான்.

"மூணு மாசமா வேலையில்லீங்க. வீட்டுல மாசமா இருக்கா."

வேலையில சேராதேன்னு சொல்ல மனசு வரல. செல்லம் தேத்தண்ணி கொடுத்தா. பாதி குடிச்சான், எழுந்தான்.

"வண்டிக்காரண்ணே, பெட்டியை எறக்காதீங்க. திரும்பிப் போவோம்."

அழுதுட்டேன். மறைக்கக்கூட இல்ல.

சாயந்தரம் துரை வீட்டுல இருந்து ஆள். "ஐயா, புது ஆள் திரும்பிட்டாரே, வேற ஆளும் கிடைக்கலையாம். துரை உங்களை உடனே வரச் சொல்றாருங்க."

திண்ணமாச் சொன்னேன்: டிஸ்பென்சரி வாசல்ல நோயாளிங்க நிக்கிறாங்க, பார்த்து முடிச்சுட்டு வர்றேன்.