என் காலடியில் ஒழுகிய தண்ணீர்

சியென்ஃபுவேகோஸ்,
ஜூலை 28

அன்பு மகள் மைலேனுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம், கோழிகள் ஆறும் நலம், கார் இன்றைய தேதிக்கு நலம். மாண்ட்ரியாலில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இல்லையென்றால் ஆகஸ்ட் பதினாலாம் தேதி நேரில் பார்த்துத் திட்டிக்கொள்கிறேன். நீ வரப்போகிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கார் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஹவானா விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போகலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன், உன் அப்பா முறைத்த முறைப்பில் காபி ஆறிப்போனது. "என் பொண்ண என் கார்லதான் கூட்டிட்டு வருவேன், நீ வேணா பஸ்ல வா" என்றார். ஏன் இந்தப் பிடிவாதம் என்று உனக்கே தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் உன்னை வழியனுப்பப் போனபோது ஹகுவே கிராண்டே ஊரைத் தாண்டி ரேடியேட்டர் கொதித்து நடுரோட்டில் நின்றோமே, அவர் கையைச் சுட்டுக்கொண்டு எதையோ கட்டி ஓட்டி ஒருவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாரே, விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று நீ அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். அவர் கிரீஸ் கையை பேண்ட்டில் துடைத்து நிமிர்வதற்குள் கண்ணாடிக் கதவு மூடிவிட்டது. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை மனிதர்.

இப்படியிருக்க, மே மாதத்திலிருந்து அந்த ஐம்பத்து மூணாம் வருஷத்து மகாராணி, நம் கார்தான், மறுபடியும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முப்பது கிலோமீட்டர் போனால் ரேடியேட்டர் காலி. அடியில் ஒரு சொட்டு விழவில்லை, பின்னால் வெள்ளைப் புகையும் இல்லை, தண்ணீர் எங்கேதான் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அங்கே நீங்கள் ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சை மருந்தாவது வாசனை காட்டிக் கொடுக்குமாம், இங்கே நாங்கள் ஊற்றுவது குழாய்த் தண்ணீர், அதற்கு என்ன வாசனை இருக்கிறது. தெருவில் சபை கூடியது. மெக்கானிக் பிளாசிதோவும், கப்பலில் இஞ்சின் பார்த்த உபால்தோவும் தலைமை, மீதி ஆண்கள் எல்லோரும் உறுப்பினர்கள். ஒருநாள் கூட்டம் எவ்வளவு என்றால், பை எடுத்துக்கொண்டு போன ஒரு பெண் நின்று "கடைசி ஆள் யாருங்க?" என்று கேட்டு வரிசையில் நின்றுவிட்டாள், பாவம், ரேஷனில் கோழிக்கறி போடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்த பிறகும் போகவில்லை, அவளும் ஒரு யோசனை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

முதலில் உபால்தோ வந்து "ரேடியேட்டர்ல பொடி ஓட்டை இருக்கும், முட்டை ஊத்தினா அடைச்சுக்கும், கப்பல்லயே செஞ்சிருக்கேன்" என்றார். எந்தக் கப்பல் முட்டையில் ஓடியது என்று நான் கேட்கவில்லை. வீட்டில் இருந்ததே மூன்று முட்டை, மூன்றும் உள்ளே போயிற்று. இரண்டு நாள் தெருவெல்லாம் ஆம்லெட் வாசனை, தண்ணீர் மட்டும் வழக்கம்போல மாயம். அப்புறம் தண்ணீர் பம்ப்தான் என்று முடிவாகி உனக்கு போன் போட்டார்கள், நீயும் அலைந்து திரிந்து வாங்கி ஆள் மூலமாக அனுப்பினாய். மாட்டினார்கள், ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து பிளாசிதோ உன் அப்பாவிடம், "அர்செனியோ, இனிமே ஒரே வழி, இஞ்சின் ஹெட்டக் கழட்டிற வேண்டியதுதான்" என்றான். ஒன்பது நாள் இஞ்சின் என் சாப்பாட்டு மேஜையில் பாதியும் தின்கிற தட்டில் பாதியுமாகக் கிடந்தது. உள்ளே எல்லாம் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். திரும்ப மூடினார்கள்.

இதற்கு நடுவில் நான் ஒருத்தி முதல் நாளிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், காரில் உட்கார்ந்தால் என் கால் நனைகிறது என்று. "கதவு ரப்பர் போயிடுச்சு, மழைத்தண்ணி" என்றார் உன் அப்பா. மழையே பெய்யாத வாரத்திலும் நனைகிறதே என்றேன். "நீ கொஞ்சம் சும்மா இரு எனெய்டா, இங்க தண்ணி எங்க போகுதுன்னு தலையப் பிச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார். நீ அனுப்பின வெள்ளைச் செருப்பு துருக்கறை பட்டுச் செங்கல் நிறமாகிவிட்டது, அதைக் காட்டினேன், மலிவுச் சாயம் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். பல் டாக்டரிடம் போன அன்று குழம்புச் சட்டியை எடுத்துப்போய் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது அரைச் சட்டி செந்தண்ணீர். நேராகக் கொண்டுபோய் சபை நடுவில் வைத்தேன். பிளாசிதோ விரலை விட்டுப் பார்த்து "அக்கா, இது ரேடியேட்டர்த் தண்ணியாச்சே, எங்க பிடிச்சீங்க?" என்றான். என் காலடியில் என்றேன். அவன் தலைகீழாக உள்ளே நுழைந்தான். என் விசிறியும் கைக்குட்டையும் மேலே வைத்துக்கொள்வேனே, முழங்காலுக்கு நேரே ஒரு கறுப்புப் பெட்டி, பழைய ரேடியோ என்று எல்லோரும் நினைத்திருந்தோமே, அதைத் தட்டினான், திருகினான், வெளியே வந்து "இது ஹீட்டர்!" என்றான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு உபால்தோ, "எதுக்குப்பா அது?" என்றார். "கார் உள்ளார சூடு பண்றதுக்கு" என்றான். ஜூலை மாதம், மத்தியானம் இரண்டு மணி, எல்லோர் சட்டையும் முதுகில் ஒட்டியிருக்கிறது. சிரித்துச் சிரித்து உபால்தோவுக்கு இருமல் வந்துவிட்டது. சர்க்கரை ஆலைக்கு வந்த அமெரிக்கன் ஒருவன் பனி பெய்கிற தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காராம், அவன் போட்டுவந்த ஹீட்டருக்குள் எழுபது வருஷமாக நாங்கள் தண்ணீர் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், யாரும் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. நீ தினமும் போடுகிற சாமான், உனக்கும்தான் தோன்றவில்லை பார்!

பிளாசிதோ அதைக் கழற்றி எடுத்துவிட்டு, அதற்குப் போன இரண்டு ரப்பர் குழாயையும் ஒரு துண்டு செப்புக் குழாயால் இணைத்துவிட்டான், கால் மணி நேர வேலை. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஹீட்டரைத் துடைத்து நீ அனுப்பின பம்ப்புக்காகக் கழற்றின பழைய பம்ப்பின் பக்கத்தில் அலமாரியில் வைத்தார். "அவ ஊர்ல எல்லாக் கார்லயும் இது இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "அப்போ அவளுக்குக் குளிராது" என்றார், அவ்வளவுதான்.

நேற்று சோதனை ஓட்டம். பெட்ரோல் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. ஹகுவே கிராண்டே தாண்டிப் போனோம், என் கால் காய்ந்திருந்தது, சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. அன்று நின்ற அதே இடத்தில் காரை நிறுத்தினார். பானெட்டைத் திறந்து பார்த்தார், பார்க்க ஒன்றுமில்லை, மூடினார். ரோட்டோரம் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு அவளக் கட்டிப்பிடிக்க எனக்குக் கை இல்லாமப் போச்சு எனெய்டா" என்று சொல்லி அழுதார். அவர் அம்மா செத்த நாளுக்குப் பிறகு அவர் அழுது இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கும் தாங்கவில்லை, இரண்டு பேரும் நின்று அழுதோம், லாரிக்காரன் ஒருவன் நிறுத்தி கார் ரிப்பேரா என்று கேட்டான்.

பெட்டியில் கண்டதை அடைக்காதே, அப்பாவின் பிரஷர் மாத்திரை போதும். பம்ப் வீணாகிவிட்டது என்று நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, நல்லா ஓடுதா என்று மட்டும் கேள், சந்தோஷப்படுவார். கோப்ரே மாதா உனக்குத் துணையாக வருவாள், நீ நன்றாக இருக்க வேண்டும், வேறு என்ன கேட்கப் போகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ வெளியே வந்ததும் அப்பா பழக்கத்தில் உன் பெட்டியை வாங்கத்தான் கையை நீட்டுவார். கொடுத்துவிடாதே. பெட்டி தரையில் கிடக்கட்டும்.

உன் அம்மா,
எனெய்டா