மங்குஸ்தான் கம்மல்

1934 ஜூன் 11, திங்கள்

நாள் முழுக்க அண்ணன் பட்டறையில் வெள்ளிக் கொலுசு தேய்த்தேன். புளித்தண்ணீரில் விரல் நுனியெல்லாம் வெந்து கிடக்கிறது.

அய்யாத்துரை அண்ணன் வீட்டுக்கு நான் வந்து நான்கு மாதம். பிள்ளை இல்லையென்று சொல்லி என் புருஷன் வல்லிநாயகம் ராயகிரியிலிருந்து வள்ளித்தாயைக் கட்டிக்கொண்டு வந்தான். அதற்கு அழுது முடித்துவிட்டேன். ஆனால் அம்மா எனக்குப் போட்ட ஆரத்தை உருக்கி அவளுக்கு அட்டிகை செய்தானே! என்னையே துருத்தி பிடிக்கச் சொல்லி! அதற்கு அழ மாட்டேன்.

பத்து வருஷமாக அவன் கடையில் வந்த புது மாதிரியெல்லாம் நான் தரையில் கரித்துண்டால் வரைந்து காட்டியவை. தென்காசிக்கு அவன் கைதேர்ந்த ஆசாரி. நான் அவனுக்குச் சோறு பொங்கியவள்.

ஜூன் 13, புதன்

அவன் கடை பூட்டிக் கிடப்பதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஜூன் 16, சனி

அண்ணனிடம் ஊதுகுழல் கேட்டேன்.

"பொம்பள ஊதுகுழல் பிடிச்சா ஊரு சிரிக்கும்ட்டி, குருவம்மா."

"இப்ப மட்டும் சிரிக்காமலா இருக்கு?"

அண்ணன் உடைசல் வெள்ளி டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

என்ன செய்வது? எதை வரைந்தாலும் அவனுக்கு வரைந்து கொடுத்ததாகவே வருகிறது. என் கைகூட இன்னும் அவன் கடையில்தான் இருக்கிறதா?

ஜூன் 22, வெள்ளி

மதினியோடு குற்றாலம் போனேன். நல்ல சாரல். அருவியைப் பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, அதை எப்படிப் பொன்னில் பிடிப்பது?

திரும்பும்போது மதினி மங்குஸ்தான் வாங்கினாள். ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். அடியில் சின்னதாக ஒரு பூ. ஏதோ ஆசாரி முத்திரை குத்தியதுபோல. ஆறு இதழ். உடைத்தால் உள்ளே ஆறு சுளை. இன்னொன்றில் ஏழு இதழ், ஏழு சுளை. கூடை வைத்திருந்தவள், "ஒருக்காலும் தப்பாதும்மா" என்றாள். வெளியே காட்டுவதுதான் உள்ளேயும். வல்லிநாயகத்துக்கு இந்தப் பழத்தைக் காட்ட வேண்டும்.

பஸ் வருவதற்குள் நாலு காகிதம் வரைந்துவிட்டேன்.

ஜூன் 30, சனி

இதழை மழமழவென்று தகட்டில் வெட்டினால் செத்த பூ. மணி மணியாக வைத்தால் உயிர் வருகிறது. கடுகில் பாதி இருக்க வேண்டும் மணி. கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கரித்தூளில் புதைத்துச் சூடாக்கினால் தானே உருண்டுவிடுகிறது. உருட்டுவது சுலபம். ஒட்டுவதுதான் - பற்றவைக்கிற பொடி உருகி, மணிகளுக்கு நடுவில் ஓடி, எல்லாம் கூழாகிவிடுகிறது.

ஒன்பதாவது கம்மலும் கூழ்.

ஜூலை 9, திங்கள்

கிடைத்துவிட்டது!

மணி நகராமலிருக்கக் குன்றிமணியை அரைத்த பசை தடவுவேன். இரண்டு நாளாகச் செம்புக் கிண்ணத்தில் மறந்து போட்ட பசை பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. கொட்ட மனமில்லாமல் அதையே தடவினேன், பொடி போடாமல். ஊதினேன். ஒரு கணம் பளிச்சென்று மின்னியது, பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கிறது. ஊசியால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை.

அண்ணன் வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவனுக்கு இது தெரியுமா?" என்றான்.

தெரியாது. தெரியவே கூடாது.

ஜூலை 27, வெள்ளி

ஜவுளிக்கடை ஹாஜரா பீவி தன் பொன்னைக் கொடுத்துச் செய்யச் சொன்ன கம்மலை நிக்காஹுக்குப் போட்டுப் போயிருந்தார். இன்று வந்தார்.

"ஆரு செஞ்சதுன்னு அம்புட்டுப் பேரும் கேட்டாவ. வல்லிநாயகம் வேண்டாம்னு தள்ளுன பொஞ்சாதின்னு சொன்னேன். தப்பா தாயி?"

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

ஆறு பேர் கேட்டு வந்துவிட்டார்கள். அதில் நாலு பேர் இதுவரை அவன் கடைக்குப் போனவர்கள். அந்த நாலு முகத்தையும் நினைத்து நினைத்துச் சாப்பிட்டேன். இவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 16, வியாழன்

அவனும் செய்து பார்த்தானாம். கூழ்! ஆனாலும் வீம்பு - கீழப்பாவூர்ப் பண்ணையார் மகள் கல்யாணத்துக்கு இதே கம்மலும் வளையலும் செய்து தருவதாகப் பொன்னை வாங்கி வைத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 20, திங்கள்

வள்ளித்தாய் வந்தாள். வயது பதினெட்டு இருக்கும். கழுத்தில் என் அம்மாவின் பொன்.

"எனக்கும் பழகணும்னு ஆசையா இருக்குக்கா."

யார் அனுப்பியது என்று தெரியாதா? உட்காரவைத்து மோர் கொடுத்தேன். பசையில் துத்தநாகத் தூள் தாராளமாகச் சேர்க்க வேண்டும், அதுதான் ரகசியம் என்று சொல்லி அனுப்பினேன். துத்தநாகம் கூடினால் சூட்டில் தகட்டைத் தின்றுவிடும்.

அவள் குடித்த மோர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்தேன்.

செப்டம்பர் 3, திங்கள்

பண்ணையார் ஆட்கள் அவன் கடை வாசலில் நின்று கத்தினார்களாம். கம்மல், வளையல் எல்லாம் அம்மைத் தழும்புபோல ஓட்டை ஓட்டையாம். வீதி முழுக்கக் கூட்டமாம். நான் போய்ப் பார்த்திருக்கலாம்.

செப்டம்பர் 5, புதன்

வள்ளித்தாய் துணி மூட்டையோடு வந்து நிற்கிறாள். வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. குறட்டால் அடித்திருக்கிறான். கழுத்து வெறுமையாக இருந்தது. பண்ணையாருக்கு ஈடாக அட்டிகையையும் கொடுத்துவிட்டானாம். அம்மாவின் பொன் போயிற்று. என்னால்தான் போயிற்று. அவள் கையும் என்னால்தான். இதை நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டாமா?

"நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்ட்டி" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்க்கா. எங்கய்யாவும் ஆசாரிதான. துத்தநாகம் என்ன செய்யும்னு தெரியாதா? தெரிஞ்சுதான் அப்படியே போய்ச் சொன்னேன்."

"ஏன்?"

"அட்டிகைய மாட்டும்போதுதான் இது ஒங்க ஆரம்னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நாளைக்கு எனக்கும் அதானன்னு தோணிச்சு."

"அவனுக்குத் துத்தநாகம் தெரியுமே. எப்படிப் போட்டான்?"

"மொதல்ல யோசிச்சாரு. பெறவு, குருவம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிப் போட்டுட்டாரு."

இதற்கு எனக்குச் சிரிப்பும் வரவில்லை. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 18, வியாழன்

தீபாவளி வேலை நெருக்குகிறது. வள்ளித்தாய் மணி உருட்டுவதில் என்னைவிட வேகம்.

வல்லிநாயகம் மத்தியானம் வந்தான். கடையைக் காலி செய்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் யாரோ ஒருவர் பட்டறைக்குக் கூலிக்குப் போகிறானாம். அண்ணன் அவனை உள்ளே விடவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே, "ஏட்டி, கெளம்பு" என்றான்.

எங்களில் யாரைக் கூப்பிட்டான் என்று தெரியவில்லை. இரண்டு பேருமே திரும்பவில்லை. தீ அப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தது.