என் வாய் அசையவில்லை

சேவூர்
11.11.2025, செவ்வாய்

செல்வக்குமார் அவர்களுக்கு,

கோமளா எழுதுவது. கட்டிய புருஷனைப் பெயர் சொல்லி எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். நான்கு வருடமாக மாமா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்த வார்த்தை வாயிலும் வரவில்லை, கையிலும் வரவில்லை.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் என் குரல் இன்னும் ஐந்து நிமிடம் உங்கள் கைக்கு வரும். அதனால்தான் அம்மா வீட்டுக்கு வந்த அன்றே உங்கள் நம்பரை பிளாக் செய்தேன். கம்பெனி வேன் ஓட்டும் கன்னையண்ணன் இதை நல்லூரில் நம் வீட்டு வாசலில் கொடுப்பார். பதில் இருந்தால் அவரிடமே கொடுங்கள்.

நம் ‘பத்து நிமிஷ டெக்’ சேனல் வழக்கப்படியே ஆரம்பிக்கிறேன். தினமும் நீங்கள் எழுதுவீர்கள், நான் படிப்பேன். இன்று எழுதுவதும் நானே, படிப்பதும் நானே.

முதல் செய்தி. ஒரு போன் கம்பெனி போன வருடத்தைவிட ஒரு நூல் மெலிந்த போனை இறக்கியிருக்கிறது. விலை மெலியவில்லை. இரண்டாவது, பையன்கள் வருடக்கணக்கில் காத்திருக்கும் ஒரு கேம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. பனியன் ஆர்டரை இப்படித் தள்ளினால் வெளிநாட்டு பையர் நம்மைச் சும்மா விடுவானா? மூன்றாவது, கரண்ட் பில் பாக்கி என்று வரும் பொய் லிங்க் இந்த வாரமும் சுற்றுகிறது, தொடாதீர்கள்.

நான்காவது செய்தி. நல்லூரில் ஒருவர் தன் பெண்டாட்டியின் குரலைத் திருடி, அவள் வேண்டாம் என்று சொன்ன கேமுக்கு அவள் வாயாலேயே விளம்பரம் சொல்ல வைத்திருக்கிறார்.

அந்தக் குமிழி உடைக்கிற கேமை என்னிடம் நீங்கள்தானே கொண்டுவந்து காட்டினீர்கள்? குமிழி உடைக்கிறதற்கு என் போட்டோவும் என் போனில் இருக்கிற நம்பரெல்லாமும் எதற்கு என்று கேட்டேன். இந்தக் கருமத்தை நான் சொல்ல மாட்டேன் என்றேன். சரி என்று தலையாட்டினீர்கள். பஞ்சுத் தூசியில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது என் குரலை மெஷினுக்குப் பழக்கினீர்களே, அன்றைக்கு என்ன பேச்சு? நான் பார்க்காத ஒரு வரியும் என் குரலில் வெளியே போகக் கூடாது என்பதுதானே?

போன மாதம் இருபத்தேழாம் தேதி, டீ டைம். சூப்பர்வைசர் சிவராஜ் வழக்கம்போல நம் சேனலை ஸ்பீக்கரில் போட்டார். நான் செக்கிங் டேபிளில் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே என் குரல் பேசுகிறது. “இந்த கேமை நானே வெளையாடறேனுங்க. கேக்கற பர்மிசனெல்லாம் குடுங்க, ஒண்ணும் ஆகாதுங்க.” சிவராஜ் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். “ஏனுங்கக்கா, வாயே அசையல, குரல் மட்டும் வருதுங்க!” மொத்த லைனும் சிரித்தது.

அந்த இடத்தில் நான் செய்ததைத்தான் என்னாலேயே பொறுக்க முடியவில்லை. உங்கள் மானம் போய்விடக் கூடாது என்று, “நேத்தே ரெக்கார்டு பண்ணுனதுங்க” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். வீடியோவைத் தூக்கியாயிற்று, விஷயம் முடிந்தது என்றீர்கள்.

முடியவில்லை. என் பக்கத்து டேபிள் சின்னத்தாயக்கா அன்றைக்கே அந்த கேமை ஏற்றியிருக்கிறார். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண்பிள்ளை, இங்கே யாரையும் சுலபத்தில் நம்பாதவர், என்னை நம்பினார். அவர் போனில் மகள் கவிப்பிரியாவின் போட்டோ இருந்தது. கேம்காரர்கள் அதை அசிங்கமாக வெட்டி ஒட்டி, அக்காவின் போனில் இருந்த அத்தனை நம்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஊரில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண் இப்போது காலேஜுக்குப் போகாமல் அறைக்குள் கிடக்கிறாள்.

சனிக்கிழமை சின்னத்தாயக்கா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். “ஏத்தா, நீதான சொன்ன? ஒங் கொரல எனக்குத் தெரியாதா?” ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோமளா


நல்லூர்
13.11.2025

அன்பிற்குரிய கோமளாவிற்கு,

உன் கடிதம் என் இதயத்தை ஆழமாகத் தொட்டது. உன் உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை. நடந்த சம்பவத்திற்கு நான் முழுப் பொறுப்பேற்கிறேன். நம்பிக்கை என்பது ஒரு நாளில் உருவாவதில்லை என்பதை இப்போது உணர்கிறேன். மாமல்லபுரம் கடற்கரையில் கைகோத்து நடந்த அந்த மாலைப்பொழுதை நீ மறந்திருக்க மாட்டாய். அலைகளின் சாட்சியாக நாம் பேசிய கனவுகளை மீண்டும் கட்டியெழுப்புவோம். உன் வருகைக்காக நம் இல்லம் காத்திருக்கிறது.

என்றும் உன் நலம் நாடும்,
செல்வக்குமார்


சேவூர்
14.11.2025, வெள்ளி

செல்வக்குமார் அவர்களுக்கு,

மாமல்லபுரத்துக்கு யாரோடு போனீர்கள்?

நான் வந்ததில்லை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் நீங்கள் என்னைக் கூட்டிப்போன அதிகபட்ச தூரம் காங்கேயம். அதுவும் உங்கள் பெரியப்பா வாங்கிய மாட்டைப் பார்க்க. அங்கே எந்த அலை சாட்சி சொன்னது?

மன்னிப்பையும் மெஷினிடம் கேட்டு வாங்கி, பிரிண்ட் போட்டு, அடியில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்திருந்தால் கடற்கரை வரியையாவது அடித்துவிட்டிருப்பீர்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை லீவ் லெட்டரைக்கூடத் தானே எழுதுகிறது. எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்றால், அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, “ஏங்கண்ணு, என்னாச்சு?” என்று கேட்கும்படி கத்திவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று என் பெயரைச் சொல்ல ஆரம்பித்து, ‘கோ’விலேயே மாட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் அக்கா எடுத்துக் கொடுக்க வந்தார். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டித் தடுத்தேன். நீங்களே சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். அதற்கப்புறம் என் பெயரே வேண்டாமென்று அம்மிணி என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். அந்தக் கூப்பிடுதல் எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் நாக்கு சிக்குவதை ஒரு நாளும் நான் குறையாக நினைத்ததில்லை. நீங்கள் எழுதுங்கள், நான் படிக்கிறேன் என்று நான்தானே சேனலை ஆரம்பிக்கச் சொன்னேன்?

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். ‘பத்து நிமிஷ டெக்’கில் நீங்கள் பேச வேண்டும். அந்த விளம்பரத்தைச் சொன்னது கோமளா இல்லை, அவள் மறுத்த பிறகு நான் மெஷினில் செய்தது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அந்த கேமை ஏற்றியவர்கள் உடனே எடுத்துவிட்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். எத்தனை நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கவிப்பிரியாவைப் பற்றித் தப்பாகப் பேசுகிற அவள் சொந்தக்காரர்களிடம் போட்டுக் காட்டுவதற்காவது அது வேண்டும்.

அதைச் செய்தால் வீட்டுக்கு வருவேன். செய்யாவிட்டால் வரமாட்டேன்.

கோமளா


நல்லூர்
17.11.2025

அம்மிணி,

இது என் கையெழுத்து. கோழி கிளறின மாதிரி இருக்கிறது, பார்த்தால் தெரியும். முந்தின லெட்டர் மெஷின் எழுதியதுதான். மாமல்லபுரம் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. உன் லெட்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் என் கோபத்தையும் நீ கேட்க வேண்டும். கம்பெனியில் நீ டெக் அக்கா. பஸ்ஸில் குரலைக் கேட்டே இடம் கொடுக்கிறார்கள். உலகத்தில் எந்த கேம் வந்தது, எந்த ஆப் போனது, எந்த லிங்க் பொய் என்று தேடித் தேடி எழுதுகிறவன் யாரென்று ஒருத்தராவது கேட்டிருக்கிறார்களா? போன வாரம் ஆதார் சென்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். ‘செ’யிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண், “அண்ணா, இவரு ஊமைங்களா?” என்று பின்னால் நின்றவரிடம் கேட்கிறாள். உனக்கு வாய் இருக்கிறது அம்மிணி. அது இல்லாதவனுக்கு அதன் அருமை எப்படி இருக்குமென்று உனக்குத் தெரியாது.

அன்றைக்கு உன் குரலில் நான் எழுதியதைத் தட்டினேன், அது பேசியது. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காத்திருக்காமல் நான் நினைத்ததை ஒரு குரல் சொல்லிவிட்டது. உனக்குச் சொன்னால் புரியாது, எனக்கு அது போதையாக இருந்தது. விளம்பரக்காரன் நாளைக்கே வேண்டும் என்றான். நீ மறுத்தது ஞாபகம் இருந்தது. இருந்தும்தான் செய்தேன். அதை மறைக்கவில்லை.

அந்தப் பெண்ணை நினைத்தால் சோறு இறங்கவில்லை. சத்தியமாக இப்படி ஆகுமென்று நினைக்கவில்லை.

நீ சொன்னபடியே வியாழக்கிழமை வீடியோவில் பேசுகிறேன். செய்தி எதுவும் வேண்டாம், அது மட்டும்தான். சிக்கும், திக்கும், ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். டீ டைமில் சிவராஜைப் போடச் சொல்லு. வியாழன் சாயங்காலம் கன்னையண்ணன் வேனில் நம் வாசலில் இறங்கிவிடு அம்மிணி. நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

செல்வா


சேவூர்
20.11.2025, வியாழன்

செல்வக்குமார் அவர்களுக்கு,

இன்று காலை கையில் பையோடுதான் வேனில் ஏறினேன். கன்னையண்ணன் பையைப் பார்த்து, “சாயங்காலம் நல்லூருங்களா அம்மிணி?” என்றார். ஆமாங்க என்றேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முதலில் எழுதுகிறேன்.

டீ டைமில் நானே சிவராஜிடம் போய்ப் போடச் சொன்னேன். மெஷின்களை எல்லாம் நிறுத்தினார்கள். சின்னத்தாயக்கா என்னோடு பேசாமல், ஆனால் தள்ளிப் போகாமல் நின்றார். யாராவது சிரித்தால் விடக் கூடாது என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பீகார் பையன்கள் இரண்டு பேரை முன்கூட்டியே மிரட்டிக்கூட வைத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருந்தது? “வணக்கம், நான் செல்வக்குமார். அந்த விளம்பரத்தில் பேசியது என் மனைவி கோமளா அல்ல” என்று ஆரம்பித்து, நான் சொல்லச் சொன்ன அத்தனையும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. நல்ல குரல். உங்கள் குரலேதான். சிவராஜ் என் பக்கம் திரும்பி, “மாப்பிள்ளை இத்தனை அழகாப் பேசறாரு, இவ்வளவு நாள் எதுக்குங்கக்கா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்றார்.

எனக்கு நின்ற இடத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

என் பெயரை ஒரே மூச்சில் சொன்னது அது. கோமளா. ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு இடத்தில் மூச்சு வாங்கவில்லை. நான்கு வருடத்தில் ஒரு முறைகூட உங்களால் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை என்பது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டு நிட்டிங் மெஷின் சத்தம்கூடப் பின்னால் இல்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு ரெக்கார்ட் செய்தாலும் அந்தச் சத்தம் உள்ளே வரும் என்று தினமும் புலம்பியவர் நீங்கள்தான்.

என்னிடமிருந்து என் குரலைத் திருடினீர்கள். பிறகு உங்களிடமிருந்தே உங்கள் குரலைத் திருடிச் சீவிச் சிங்காரித்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். சிரிக்கட்டும் என்று கையால் எழுதினீர்களே, அந்தக் கை யாருடையது?

சிவராஜ் கையிலிருந்து போனை வாங்கி நிறுத்தினேன். கட்டிங் டேபிள் மேல் ஏறினேன். மைக் இல்லை. தூசியில் கட்டின தொண்டையோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “இப்பப் பேசுனதும் மெசினுங்க. எம் புருசனுக்கு நாக்குத் திக்குமுங்க. அன்னிக்கு நேத்தே ரெக்கார்டு பண்ணுனதுன்னு நாஞ் சொன்னனே, அது பொய்யிங்க. அந்த கேமை வெச்சிருக்கறவங்க இப்பவே எடுத்துப்போடுங்க.” நாலைந்து பேர் அங்கேயே போனை எடுத்தார்கள். இன்னும் அது நாலைந்து போனில் இருந்திருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?

கீழே இறங்கினதும் சின்னத்தாயக்கா கேட்டார். “அன்னைக்குப் பேசுனது நீ இல்ல. இன்னைக்குப் பேசுனது அவரு இல்ல. அப்ப நா யாரத்தான் வையிறது தாயி?”

“என்னைய வையுங்கக்கா” என்றேன். வைதார். பத்து நாளாக உள்ளே வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, அவர் ஊர்ப் பேச்சில், ஒன்றும் மிச்சம் வைக்காமல் வைதார். நான் குனிந்து கேட்டுக்கொண்டேன். வைது முடித்துவிட்டு, “நாளைக்கு எங்கூட வா. எங்கண்ணன்மாரு முன்னாடி இதே மாதிரி நின்னு சொல்லு” என்றார். விடியக்காலை பஸ்ஸுக்கு இருவரும் தேனிக்குக் கிளம்புகிறோம். கவிப்பிரியாவையும் பார்ப்பேன். அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

சாயங்காலம் வேன் நம் வாசலில் நின்றது. விளக்கு எரிந்தது. ஜன்னலில் நீங்கள் நின்றது தெரிந்தது. நான் இறங்கவில்லை. கன்னையண்ணன் வண்டியை எடுத்துவிட்டார்.

என் குரலை அழித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. அழித்துவிட்டேன் என்று பதில் வந்தாலும், சொல்வது நீங்கள்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு வார்த்தைக்கும் உரசிப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் என்னால் குடும்பம் நடத்த முடியாது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். கன்னையண்ணனிடமும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் பத்து நிமிடம் திக்கியிருந்தால் பத்து நிமிடமும் நின்றிருப்பேன். ஒரு மணி நேரம் ஆகியிருந்தாலும் நின்றிருப்பேன். பெண் பார்க்க வந்த அன்று ஒருத்தரையும் எடுத்துக் கொடுக்க விடாமல் காத்திருந்தவள் நான். இனிமேல் காத்திருக்க மாட்டேன்.

கோமளா