பரீட்சைப் பேப்பரில் உன் அப்பா

சேத்தியாத்தோப்பு
14.10.2008

அன்புள்ள மகன் அருண்குமாருக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், வாய்தான் யாருக்கும் சுகமில்லை. நீ குவைத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

எல்லாம் உன்னால் வந்தது. கைடைப் பார்த்து எழுதாதே, உனக்குத் தோன்றுவதை எழுது என்று தங்கச்சிக்குப் போனில் பாடம் நடத்தினாயே துரை, எழுதிவிட்டாள். பன்னிரண்டாவது தமிழில் ஒரு ஓடக்காரன் கதை. வெள்ளத்தில் ஊரையெல்லாம் கரை சேர்த்துவிட்டுப் பெண்டாட்டியை ஏற்ற வருகிறான், அதற்குள் ஆறு அவளைக் கொண்டுபோய்விடுகிறது. அவன் குணத்தை ஆராய்ந்து எழுது என்று காலாண்டில் கேள்வி. தியாகி என்று எழுதினால் மார்க்கு. நம் வினோதினி, அவன் ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவன், கதை முழுக்க அவன் பெண்டாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, அவளை யாரும் கேட்கவுமில்லை என்று எழுதியிருக்கிறாள். அதோடு விட்டாளா, எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என் அப்பா சபாபதி ஊருக்கே பந்தி போட்டார், அம்மாவுக்கு மோர்ச்சோறுதான் மிஞ்சியது என்று உதாரணம் வேறு!

அமராவதி டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு பாடத்த வுட்டுட்டு உங்கள ஆராய்ச்சி பண்ணியிருக்கா சார்" என்று படித்துக் காட்டினாராம். கூடப் போன உன் காத்தவராயன் மாமா அதைக் கடைத்தெரு வரை கொண்டுபோய்விட்டான். உன் அப்பா வீட்டுக்கு வந்து, "என் மானத்த வாங்குனவளுக்குக் காலேஜ் ஒரு கேடா, பன்னெண்டோட நிறுத்து" என்று ஒரே குதி. மன்னிப்புக் கேளடி என்றால் அவள், "எது பொய்னு அப்பாவ சொல்லச் சொல்லும்மா, கேக்கறேன்" என்கிறாள். சிதம்பரத்தில் காலேஜ் சேரப் பிடிவாதமாகப் படிக்கிற பெண். நாலாவதோடு நின்றது என்னோடு போகட்டும். எனக்கு வருகிற எரிச்சலில் அந்த ஓடக்காரனைப் பிடித்து ரெண்டு சாத்தலாம் போலிருக்கிறது.

நேற்று நானே உன் அப்பாவிடம் அவள் எழுதியது பொய்யா என்று கேட்டேன். "அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாம்ல" என்றார். "நீங்க கேட்டீங்களா" என்றேன். இன்று மதியம் அவருக்குப் போடாமல் நான் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பார்த்துக்கொண்டே நின்றவர், "கொழம்பு போதுமா" என்றார். காலேஜ் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவரிடம் பேசு. இளகித்தான் இருக்கிறார், சேர்க்கிறேன் என்று சொல்லாமல் போனை வைக்க விடாதே. வெயிலில் அலையாதே, எண்ணெய் தேய்த்துக் குளி. அம்மன் உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள். தங்கச்சிக்கு மட்டும் நீ ஒன்றும் சொல்லாதே அய்யா, இதுவரை சொன்னதே போதும்.

உன் நன்மையே கேட்கும் அம்மா,
புஷ்பவள்ளி