நடுச்சுவர் சன்னல்

பத்தாங் பெர்ஜுந்தாய்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

ஒரு பக்கம் நீலச் சுவர், மறுபக்கம் வெந்த இறாலின் நிறத்தில் ஒரு சுவர், இரண்டுக்கும் நடுவே ஒரே சன்னல். இதற்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது? எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொன்னவர்களும் இங்கே வந்து பார்த்த பிறகு பேச்சை மாற்றிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்புகிறாய். தொலைபேசியில் பேசினால் அப்பா பக்கத்தில் இருந்து எனக்குப் பதிலாக அவரே பேசுகிறார். அதனால் மின்னஞ்சலில் கடிதமாகவே எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

வீட்டின் பின்னால் எனக்காக நீ கட்டச் சொன்ன அறை முடிந்துவிட்டது. பெர்த்தில் உட்கார்ந்து கணினியில் நீ தேர்ந்தெடுத்த நிறம் அங்கே சந்தனமாகத் தெரிந்திருக்கலாம். இங்கே குழல்விளக்கு வெளிச்சத்தில் இறால்தான். பெயிண்ட் அடித்த சிவானந்தம் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பர் சரிதான்க்கா. காஞ்சா மாறும்லா," என்றார். காய்ந்து வெகுநாள் ஆகிறது.

நிறம்கூடப் பெரிதில்லை. நீலச் சுவர் அப்பா அறையுடையது. அதன் பின்சன்னல் முன்பு கொல்லையைப் பார்த்தபடி இருந்தது. கொல்லை இருந்த இடத்தில்தான் இப்போது என் அறை. அந்தச் சன்னலை அடைத்துவிடவா என்று கொத்தனார் கேட்டபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று நீ சொன்னாயாம். ஆகவே என் அறையின் ஒரே சன்னல் அப்பாவின் கட்டிலைப் பார்க்கிறது. பின்சுவரில் கூரையை ஒட்டிக் கண்ணாடிக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அதில் பகலா இரவா என்பது தெரியும், அவ்வளவுதான்.

அப்பா நலம். கால் எடுத்த இடத்தில் புண் முழுதும் ஆறிவிட்டது. சக்கர நாற்காலியைச் சமையலறை வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு வருகிறார். எஸ்டேட் லோரி ஓட்டிய கை அல்லவா, வளைவில் ஹார்ன் அடிப்பதுபோல் வாயால் சத்தம் கொடுக்கிறார்.

அம்மா போய் இன்னும் ஆண்டு திரும்பவில்லை. துக்க வீட்டில் புதிதாக எதையும் மாட்டக்கூடாது என்கிறார்கள். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் திவசம் முடியட்டும், பிறகு திரைச்சீலை வாங்கலாம்.

ரூபினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் அக்கா,
தனேஸ்வரி


பெர்த்
10 ஆகஸ்ட் 2025

அன்பு அக்கா,

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே.

இறால் என்று வாசித்ததும் ரூபினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள், ஏனென்றால் நிறம் எடுத்தவள் அவள்தான். சுவரைப் பகலில் ஒரு படம் எடுத்து அனுப்பு, அதற்கு ஏற்ற துணியை அவளே பார்க்கிறாளாம்.

சன்னலை நான்தான் விட்டுவைக்கச் சொன்னேன். அப்பா இராத்திரியில் கூப்பிட்டால் உனக்குக் கேட்க வேண்டுமே. படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொள்ளலாம், எழுந்து நடக்க வேண்டியதில்லை. உன் முட்டிவலியை நினைத்துத்தான் செய்தேன், அக்கா. கொத்தனார்கூட, "நல்லா யோசிச்சிருக்கீங்க பாஸ்," என்றார்.

போன தீபாவளிக்கு அம்மா துக்கத்தில் வீடு இருண்டு கிடந்தது. இந்த முறை திவசம் தீபாவளிக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. எல்லா அறைக்கும் புது லங்சிர், அதாவது நீ சொல்லும் திரைச்சீலை, போட்டுவிடுவோம். அப்பாவும் கேட்டார்.

நீ அங்கே இருப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன். இதை நேரில் சொல்ல எனக்கு வராது.

பாசமுள்ள தம்பி,
செல்வம்


பத்தாங் பெர்ஜுந்தாய்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள செல்வத்துக்கு,

தமிழில் தப்பு ஒன்றும் இல்லை. நீ எழுதிய கடைசி வரியை இரண்டு முறை வாசித்தேன்.

கோலசிலாங்கூரில் லங்சிர் தைக்கும் புனிதவதி நேற்று துணி மாதிரிப் புத்தகத்தோடு வந்தார். தீபாவளி நெருங்க நெருங்கக் கூட்டம் தாங்காது, இப்போதே சொல்லி வைத்தால்தான் உண்டு என்றார். என் அறையில் நின்று நீலத்தைப் பிடித்துப் பார்த்தார். அப்பா அறைக்குப் போய் இளஞ்சிவப்பைப் பிடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் ஒத்துப்போனது மறுபக்கம் முறைத்தது. பச்சை இரண்டு பக்கமும் முறைத்தது. கடைசியில், "ஏன்க்கா, இந்தச் சன்னல அடைச்சிட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா உள்ளே இருந்து, "கால்தான் போச்சு, காது நல்லா கேக்குது தாயி. அடைக்கிற பேச்சு வேணாம். ரெண்டு பேரும் பாக்கப்போற துணி, நல்ல கலரா எடுங்க," என்றார். புனிதவதி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

நான் எந்த நிறத்தையும் சொல்லவில்லை. துணியைத் தொட்டால் அந்த அறையில் குடியேறியவள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. இன்னும் என் பெட்டி முன்னறையில்தான் இருக்கிறது.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பினாங்கில் என் ஆய்வுக்கூடம் கொடுத்த ஊதியமில்லா விடுப்பு ஆண்டு இறுதியோடு முடிகிறது. திரும்பி வருகிறேனா என்று அக்டோபர் 15க்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று வந்தேன். அம்மா போனார், அடுத்து அப்பாவின் கால் போயிற்று, நான் இருந்துவிட்டேன். இந்த வயதில் ஆற்று நீரைச் சோதிப்பதைத் தவிர எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. அது எனக்குப் பிடித்த வேலையும்கூட. இதைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை.

சபாக்கில் தாயம்மா என்று ஒருவர், முடியாதவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்பவர். போய்ப் பார்த்துப் பேசினேன். டிசம்பரில் வர ஒத்துக்கொள்கிறார். அப்பா பழகும் வரைக்கும் நீ ஜனவரியில் ஒரு மாதம் வந்து இருந்தால் போதும்.

வருவாயா? நிறத்தைப் பிறகு பார்ப்போம். இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா,
தனேஸ்வரி


பெர்த்
28 செப்டம்பர் 2025

அன்பு அக்கா,

திவசம் நல்லபடியாக முடிந்ததாக அப்பா சொன்னார். வடை கொஞ்சம் உப்பாம். அம்மா இருந்திருந்தால் அதையும் சொல்லிக்காட்டியிருப்பார்.

லங்சிரைப் பற்றி இனிக் கவலைப்படாதே. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து ரூபினியே புனிதவதியோடு பேசி முடித்துவிட்டாள். நடுச்சன்னலுக்கு இரண்டு துணியைச் சேர்த்துத் தைக்கிறார்கள். அப்பா பக்கம் வெளிர்நீலம், உன் பக்கம் தந்த நிறம். உனக்கு ஓர் அலைச்சல் மிச்சம்.

பினாங்கு விஷயம் பெரிய முடிவு. அவசரப்பட வேண்டாம். தீபாவளி கழியட்டும், உட்கார்ந்து பேசுவோம். இங்கே ஜனவரியில் ஒரு மாதம் விடுப்பு என்றால் சிரிப்பார்கள். அந்தத் தாயம்மா நல்லவராகவே இருக்கட்டும், வேற்று ஆள் கை பட்டால் அப்பா சாப்பிடுவாரா? உனக்குத் தெரியாததா?

முட்டிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் தேய்த்துக்கொள்.

பாசமுள்ள தம்பி,
செல்வம்


பத்தாங் பெர்ஜுந்தாய்
11 அக்டோபர் 2025

செல்வம்,

தீபாவளி இருபதாம் தேதி. நான் எழுத வேண்டிய நாள் பதினைந்து. தீபாவளி கழித்துப் பேசுவோம் என்று நீ எழுதியபோது இது உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கமாட்டேன். தெரியாது என்பாய். நானும் நம்ப வேண்டியிருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அதுதான் சிக்கல். நீ எண்ணெய் அனுப்புகிறாய். அப்பா மீன் தலையை எனக்கென்று எடுத்து வைக்கிறார். அன்பில்லாத வீடாக இருந்தால் என்றோ வெளியேறியிருப்பேன். இங்கே ஒவ்வொருவரும் எனக்காக ஏதாவது செய்து, செய்து, கடைசியில் எனக்கு ஓர் அறை கட்டிவிட்டீர்கள்.

நாளைக் காலை புனிதவதி திரையோடு வருகிறார். மற்ற அறைகளுக்குப் போடட்டும், இதை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லப் போகிறேன். சிவானந்தத்திடம் கேட்டுவிட்டேன், செங்கல் வைத்துச் சன்னலை அடைக்க அரைநாள் போதுமாம். புனிதவதி போனதும் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, ஜனவரியில் நான் பினாங்கு போகிறேன் என்று சொல்வேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

இதை இப்போது அனுப்பவில்லை. செய்யப்போவதாக நான் சொல்வதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. நாளை என்ன நடக்கிறதோ அதையும் கீழே எழுதி அனுப்புகிறேன்.

12 அக்டோபர்

புனிதவதி காலையில் வந்தார். திரை இரண்டு சுவருக்கும் பொருத்தமாக இருக்கிறது, இறால் நிறம்கூட அதன் பக்கத்தில் அடங்கித் தெரிகிறது. ரூபினியிடம் சொல்.

திரைக் கம்பியை எந்தப் பக்கம் அடிக்க என்று அவர் என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "எம்பக்கமே அடிம்மா. நான் இழுத்து விட்டுக்கிறேன். அவளுக்கு எதுக்குச் சிரமம்," என்றார். புனிதவதி என்னைப் பார்த்தார். திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொல்லவில்லை. துளைபோடும் சத்தம் ஓய்ந்ததும், அப்பா திரையைப் பலமுறை இழுத்து மூடித் திறந்து பார்த்தார். அம்மா போன பிறகு அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. "நல்லாருக்குல்ல, தனேஸ்?" என்றார். நல்லாருக்குப்பா என்றேன். பினாங்கைப் பற்றிப் பேசவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, நீ கொஞ்சம் படு என்று சொல்லி அவரே திரையை மூடிவிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். ஜனவரி இரண்டாம் தேதி வேலைக்குத் திரும்புகிறேன் என்று பினாங்குக்கு எழுதினேன். ஒரே வரி. அனுப்பும் நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா கேட்டார்.

"தனேஸ், இருக்கியாம்மா?"

"இருக்கேன்பா," என்றேன். என்றபடியே அனுப்பினேன்.

சற்று நேரத்தில் குறட்டை வந்தது. தாயம்மாவைக் கூப்பிட்டு டிசம்பர் முதல் தேதி வரச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் சொல்ல என்னால் முடியவில்லை, செல்வம். நீ சொல். எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதே.

மாலை ஐந்து மணிபோல அவர் எழுந்து திரையை விலக்கியபோது, நான் கட்டிலில் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, தேநீர் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

தனேஸ்வரி