இருபத்தெட்டாவது கொக்கி

வல்லம், ஒரகடம் வழி
மார்கழி 9

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பி இளம்பரிதியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், அந்த டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, சிங்கப்பெருமாள் கோவில் டாக்டர் படி ஏறாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார், மறுநாளே குன்றத்தூர் மலையை ஏறி இறங்கிவிட்டு வந்து, டாக்டர் வீட்டுப் படியைத்தான் சொன்னார், சாமி படியைச் சொல்லவில்லை என்கிறாள், அவளோடு யார் பேசுவது. தம்பிக்கு இந்த மாதம் முழுக்க ஓ.டி., வீட்டில் சாப்பிட்ட தட்டு இருந்தால் அவன் வந்து போயிருக்கிறான் என்று அர்த்தம்.

தினம் வீடியோவில் பார்க்கிற மகளுக்கு எதற்கு இந்தக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள், அவளுக்கு ஒன்று மட்டும் தெரியாது, அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நாலு புள்ளி எட்டு ரேட்டிங் இருக்குற கடைய யாருனா மூடி வெப்பாங்களாப்பா என்று நீ போன மாதம் கேட்டாய், நானும் ஸ்பிரிங் சப்ளை இல்லை என்று சொன்னேன். அது பொய். நாம் விற்ற ஒரு தொட்டில் கொக்கி திரும்பி வரவில்லை, அது எங்கே எந்தக் குழந்தையின் தலைக்கு மேல் தொங்குகிறது என்று தெரியவில்லை, அதனால்தான் நம் ஆன்லைன் கடையை மூடினேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஆடி முழுக்கத் தூங்கின ஆர்டர் எல்லாம் ஆவணி பிறந்ததும் ஒன்றாக வந்து விழுந்தது, பெயர் வைக்கிறார்கள், தொட்டில் போடுகிறார்கள், எல்லோருக்கும் அந்த வாரமே வேண்டும். கொக்கியும் ஸ்பிரிங்குமாக இருபத்தெட்டு செட். எப்போதும் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு கொக்கியையும் ஷெட்டில் மாட்டி நாற்பது கிலோ மணல் மூட்டையை ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டுத்தான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். நீயும் நம் கடைப் பக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதித்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய், அதற்குக் கீழேயே இரண்டு நாளில் அனுப்பப்படும் என்றும் போட்டிருக்கிறாய். இரண்டும் சேர்ந்து நடக்காது. அந்த வாரம் நான் கம்பெனி புத்தியைக் காட்டினேன். இருபத்திரண்டு வருடம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவன் இல்லையா, அங்கே ஒன்றாக வருகிற ஒரு லாட் சரக்குக்கு மூன்று எடுத்துப் பார்ப்போம், மூன்றும் சரியாக இருந்தால் லாட் முழுக்கப் பாஸ். அப்படியே மூன்றை மாட்டிப் பார்த்துவிட்டு இருபத்தெட்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உன் அம்மாவிடம் வேறு பெருமையாகச் சொன்னேன். பானைச் சோற்றுக்குத்தான் அந்தப் பழமொழி, பிள்ளை தூங்குகிற கொக்கிக்கு இல்லை, அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

பத்தாம் நாள் ஆரணியிலிருந்து ஒரு அம்மா படம் அனுப்பினாள், வெல்டிங் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டாள், அவள் கண் நன்றாக இருக்க வேண்டும். ஒருவர் விடாமல் நானே போன் போட்டேன், முதலில் பிள்ளையைத் தூக்குங்கள், அப்புறம் கொக்கியை இறக்குங்கள், அப்புறம் என்னைத் திட்டுங்கள் என்றேன். திட்டினார்கள். செங்கல்பட்டு பெண் ஒருத்தி, நீயெல்லாம் பேரன் பேத்தி எடுக்க வேண்டிய ஆளா என்றாள். அந்தத் திட்டு எனக்கு வேண்டித்தான் இருந்தது. மூன்று வாரத்தில் இருபத்தேழு திரும்பி வந்தது, எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்தேன், ஆறில் கீறல் இருந்தது. மூட்டை தொங்கியிருந்தால் அந்த ஆறும் அன்றைக்கே ஷெட்டில் விழுந்திருக்கும்.

இருபத்தெட்டாவது ரகு என்ற பெயரில் போயிருந்தது. விலாசம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடை. போன் அடிக்கும், எடுக்க மாட்டார்கள். நேரில் போனேன், டீக்கடை கொம்பையா தெற்கத்திக்காரர், நூறு பயலுவ என் கடை அட்ரசத்தான் குடுக்கானுவ அண்ணாச்சி, இதுல எந்த ரகுன்னு நான் என்னத்தக் கண்டேன் என்றார். நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன், மறுபடி போனேன், இன்னும் இரண்டு முறை போனேன். அந்த நான்கு மாதம் எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்க்கும் முன் கூரையைப் பார்ப்பேன். பகலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் காதில் அந்த ஸ்பிரிங் சத்தம், அம்மாவைக் கேட்டால் ஒன்றும் இல்லையே என்பாள். அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன எடை இருக்கும் என்று வாரா வாரம் கணக்குப் போடுவேன், மூன்று கிலோ, நாலரை, ஐந்தரை, இப்போது குப்புற விழும், காலை உதைத்து ஆடும், ஆட ஆடக் கீறல் வளரும். ஆணா பெண்ணா என்று தெரியாது, ஆனால் அது சிரிப்பது கூட எனக்குத் தெரியும். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை கொம்பையா போன் செய்தார், அண்ணாச்சி ஒரு ரகு ஆப்டுருக்கான், வெரசா வாங்க என்று. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரகு ஷிப்ட் முடிந்து யூனிஃபாரத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தான், எனுக்கு இன்னும் பொண்ணே பாக்கல சார், தொட்டிலு வாங்கி இன்னா பண்ணுவேன் என்று சிரித்தான். அப்புறம் அவனுக்கே ஞாபகம் வந்தது. அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த ஜெபகுமார் வாங்கியதாம். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் வாங்கினால் ஆகாது என்று மாமியார் சொன்னதால், கல்யாணமாகாத கூட்டாளியின் பெயரிலும் டீக்கடை விலாசத்திலும் ஆர்டர் போட்டு, போன் நம்பரை மட்டும் தன்னுடையதாகக் கொடுத்திருக்கிறார். ரகு பார்சலை வாங்கிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டான், அதன்பிறகு இருவரும் பேசவில்லை. அவனே தன் போனில் கூப்பிட்டு, டேய் ஒருத்தர் ஒன்னாண்ட பேசணுமாம் என்று என்னிடம் கொடுத்தான்.

நான் யார் என்று சொல்லி, அந்தக் கொக்கியை மாட்டியிருக்கிறீர்களா தம்பி என்று கேட்டேன். இல்ல சார், மாட்டல என்றார். அப்பாடா என்றேன். மனதுக்குள் இல்லை இசை, வாய்விட்டு, கடையே கேட்கிற மாதிரி. கொம்பையா கூடத் திரும்பிச் சிரித்தார். போனில் ஜெபகுமார், கொழந்த ஒம்போது நாளுதான் சார் இருந்துச்சி, ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்கே வரல என்றார்.

ஏன் போனை எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார், ஒங்க நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்துகினே இருந்துச்சி சார், அதான் பாக்காம வுட்டுட்டேன் என்று. உன்னுடைய மெசேஜ்தான், உங்கள் குட்டிச் செல்லம் நம் தொட்டிலில் சுகமாகத் தூங்குகிறதா, ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று பதில் சொல்லாதவர்களுக்கு மாதா மாதம் தானாகப் போகும்படி வைத்திருக்கிறாயே அது. நாலு முறை போயிருக்கிறது. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை, அதை நீ படித்துக் காட்டியபோது நான்தான் பிரமாதம் என்றேன். கஸ்டமரோடு தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று நீ சொன்னது சரிதான். ஆனால் அங்கே இருப்பது யார், என்ன ஆனது என்று தெரியாமல் கேட்கிற குசலம் குசலம் இல்லை அம்மாடி.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். ஒன்பது நாள் என்று கேட்டபிறகும் எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. என் கொக்கியால் இல்லை என்பதுதான் முதலில் வந்தது. துக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

மறுநாள் அவர்கள் குடியிருக்கிற இடத்துக்குப் போனேன். ஜெபகுமாருக்கு உன் வயதுதான் இருக்கும், அவர் மனைவி அமலாவுக்கு அதைவிடக் குறைவு. அவள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள், டேப் கூடப் பிரிக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன், வாணாம் சார், பழுதுன்றீங்களே, நல்லதா ஒண்ணு மாத்திக் குடுப்பீங்களா, இப்ப இல்ல, நாங்க சொல்றப்போ என்று கேட்டாள். என் கையாலேயே கொண்டுவந்து மாட்டிக் கொடுக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து அந்தக் கொக்கியையும் அறுத்துப் பார்த்தேன், வெல்டிங் நன்றாகவே இருந்தது.

இவ்வளவும் அம்மாவுக்குத் தெரியும், அப்பாடா என்றதைத் தவிர. வாசலில் நான் வண்டியை எடுக்கும்போது ஜெபகுமார் கூடவே வந்தார். உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, போன்ல நீங்க சொன்னத அவகிட்ட சொல்லல சார், நீங்களும் சொல்லிடாதீங்க என்றார். மன்னிச்சிடுப்பா என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

கடையைத் தையில் திறப்போமா என்று இப்போது கேட்காதே, நானே சொல்கிறேன். அந்த மெசேஜ் மறுபடி போகிற நாள் வருகிறது, அதற்குள் எடுத்துவிடு, மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எடுத்துவிடு. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், கேட்கக் கூடாதது எதுவும் காதில் விழாமல், நிறைவாக வாழ வேண்டும்.

உன் அப்பா
இராமச்சந்திரன்