பெடல் அச்சருகே ஒரு விரிசல்

3-6-2025, செவ்வாய்

சைக்கிள் உடைந்துவிட்டது. பெடல் அச்சுக்குப் பக்கத்தில் பிரேமில் விரிசல். கடைக்காரன் சடையன், "பிரேமே போச்சுங்ண்ணா, புதுசு எடுத்துக்குங்க" என்றான். இருபத்திரண்டு வருஷமாக லாரிக்கு பாடி கட்டும் வெல்டரிடம் சொல்கிற பேச்சா இது?

ஏழு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். அது என்மேல் ஏறாததுதான் குறை.

4-6, புதன்

மனைவி பெரியநாயகி, "புதுசு வாங்குங்க. பட்டறை எட்டு மணிக்கு, பஸ்ஸு ஒம்போதுக்கு. என்ன பண்ணுவீங்க?" என்கிறாள்.

அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. போன தீபாவளியிலிருந்து இடது கண்ணில் புகை மூட்டம். இப்போது வலதிலும். சங்ககிரி ரோட்டுக் குழியெல்லாம் பழைய சைக்கிளுக்கு மனப்பாடம். நான் சும்மா மேலே உட்கார்ந்து போகிறேன். புதுசுக்கு யார் சொல்லித்தருவது?

கண் விஷயம் தெரிந்தால் முதலாளி வெல்டிங் ராடு பிடிக்க விடமாட்டார். மகள் சுகன்யாவுக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம்.

5-6, வியாழன்

நானே ஒட்டிவிடுவது என்று முடிவு.

6-6, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் ஒட்டினேன். விரிசல் ஓரிடம், ராடு ஓரிடம். நல்ல குழாயில் ஓட்டை.

பட்டறையே கூடிவிட்டது. கூட வேலை செய்யும் அன்பரசு, "ஏனுங்ண்ணா, லாரிக்கு வெச்ச கரண்டுலயே சைக்கிளையும் சுட்டுப்போட்டீங்களா?" என்றான். அவசரத்தில் எங்களில் எவனும் செய்கிற தப்புதான். "ஆமா சாமி, மறந்துட்டேன்" என்று நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

கரண்டைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

7-6, சனி

அப்படின்னா நேத்து லாரிக்கு ஒட்டுன சட்டம்? போன வாரம் ஒட்டுனது? அந்த லாரி கல்லு ஏத்திக்கிட்டு எந்த மேட்டுல போகுதோ. அந்த டிரைவருக்கும் ஒரு புள்ள இருக்குமே — என்னடா பண்ணி வெச்சிருக்கே.

9-6, திங்கள்

முதலாளி குணசீலனிடம் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் அன்பரசைக் கூட்டிக்கொண்டு நான் கட்டிய பாடிக்கு அடியில் போனார். சரியில்லாத ஒட்டுகளுக்கு சாக்பீஸில் வட்டம் போட்டார்கள். பதினொன்று. வெள்ளை வட்டம் மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பிறகு, வெளியே போன வண்டிகளைத் திருப்பி வரச்சொல்லி ஒவ்வொன்றாகப் போன் போட்டார். பக்கத்திலேயே நின்றேன். எங்கே போவது?

13-6, வெள்ளி

சேலத்துக் கண் டாக்டர்: இடது கண்ணில் பார்வை திரும்பாது. வலது, பார்க்கலாம். பார்க்கலாம் என்றுதான் நானும் போனேன்.

பஸ்ஸில் பெரியநாயகி என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தாள்.

30-6, திங்கள்

சைக்கிள் பழசும் இல்லை, புதுசும் இல்லை. ஒன்பது மணி பஸ். இப்போது எனக்கு வேலை ஒன்பதரைக்குத்தான். பெயின்ட் அடிக்கும் முன் பாடியை உப்புத்தாளால் தேய்ப்பது. கண் வேண்டாம், விரல் போதும். சம்பளமும் அதற்கேற்ற மாதிரி.

இன்று தேய்க்கும்போது ஓர் ஒட்டு விரலில் பட்டது. அன்பரசுடையது. கடைசி வரை தடவிக்கொண்டே போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடித்தான் பார்த்தேன்.